குளிர் கேட்கும் கொடி

தஞ்சாவூர் கீழவாசலில் பன்னீர் திராட்சை வராத மாதம் எது என்று கேட்டால் பழக்கடைக்காரர்கள் யோசிப்பார்கள். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் பழம். கறுத்த தோல், அழுத்தினால் வழுக்கி வெளியே வந்துவிடும் சதை, நல்ல வாசனை. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த கொடி என்கிறார்கள். உலகம் அதை மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கிறது. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கம்பம் ஒரு வகையில் ஏரிக்குக் கடன்பட்ட ஊர்தான். தேக்கடி ஏரித் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இறங்கி அந்தப் பள்ளத்தாக்குக்கு வருகிறது. அங்கே ஒயினும் வடிக்கிறார்கள். ஆனால் அக்கா மகன் நியூயார்க் மாநிலத்து செனகா ஏரிக்கரையிலிருந்து வாங்கிவந்த கேபர்னே ஃபிராங்க் என்ற சிவப்பு ஒயின் வேறு மாதிரி இருந்தது. இனிப்பு இல்லை. நாக்கைத் தட்டி எழுப்பும் புளிப்பு, அதன் பின்னால் மிளகின் சாயல். "இதுக்குப் பேரு குளிர், மாமா" என்றான். சரியாகத்தான் சொன்னான்.

திராட்சை முற்றும்போது இரவு சூடாக இருந்தால் பழம் தன் புளிப்பைத் தானே எரித்துவிடும், தோலில் நிறமும் குறையும். இரவு குளிர்ந்தால் இரண்டும் தங்கும். செனகா ஏரி 188 மீட்டர் ஆழம். பனியாறுகள் குடைந்த பள்ளம் அது. கோடை வெயிலை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு குளிர்காலம் முழுக்கக் கரைக்குக் கொடுக்கிறது. கொடி செத்துப்போகாமல் தப்புகிறது. வசந்தத்தில் அதே தண்ணீர் சில்லிட்டுக் கிடப்பதால் துளிர் தாமதமாகிறது, கடைசி உறைபனி அதற்குள் போய்விடுகிறது. அப்படியும் ஐரோப்பியத் திராட்சை அங்கே பிழைக்காது என்றுதான் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உக்ரைனிலிருந்து குடியேறிய கான்ஸ்டன்டின் ஃபிராங்க் அதை ஏற்கவில்லை. எங்கள் ஊரில் இதைவிடக் குளிர் என்றார். குளிர் தாங்கும் வேரில் ஒட்டுக்கட்டி வளர்த்து, 1962இல் பக்கத்துக் கியூகா ஏரிக்கரையில் தன் ஒயின் ஆலையைத் தொடங்கினார்.

அங்கே கொடி ஆண்டுக்கு ஒரு முறை உறங்குகிறது, ஒரு முறை காய்க்கிறது. கம்பத்தில் அதற்கு உறக்கமே கிடையாது. கவாத்து செய்தால் உடனே துளிர்க்கிறது, சுமார் நான்கு மாதத்தில் குலை கைக்கு வருகிறது, அடுத்த கவாத்துக்கு ஆள் வந்துவிடுகிறார். சந்தைக்குப் பழம் வேண்டும், விவசாயிக்குப் பணம் வேண்டும். இதில் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒயினுக்கு மட்டும் அந்த அவசரம் ஆகாது.

டெல்டாக்காரனுக்கு இந்த வித்தியாசம் புதிதல்ல. குறுவை நெல் வயிற்றை நிரப்பும். சீரகச் சம்பா சமைத்தால் அடுத்த வீட்டுக்குத் தெரியும். சம்பாப் பட்டத்தில் கதிர் பால்பிடிப்பது பனி இறங்கும் மாதங்களில். வாசனை நெல்லுக்கு அந்த நேரத்துக் குளிர் மணத்தைக் கூட்டும் என்பதை வேளாண் ஆராய்ச்சியும் சொல்கிறது. மேட்டூரில் தண்ணீர் தாமதமாகித் தாமதமாகி நடவு தள்ளிப்போனால், கதிர் முற்றுவது மாசி வெயிலில். களத்துக்கு நெல் வரும், மணம் பாதிதான் வரும். திருவையாறு பக்கத்துப் பெரியவர் ஒருவர் அப்படி வந்த அரிசியைக் கையில் அள்ளி முகர்ந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூட்டைக்குள்ளேயே போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் கம்பத்துக்காரர்களிடம் கேட்கத் தோன்றுகிறது. தோட்டத்தில் ஒரு மூலையை மட்டும் ஒயினுக்கென்று ஒதுக்கி, அதைப் புரட்டாசியில் கவாத்து செய்தால் என்ன? குலை நிறம் ஏறும் நாட்கள் மார்கழி, தை இரவுகளில் விழும். ஐப்பசி மழையில் அடிச்சாம்பல் நோய் வரும், பூ கொட்டும், விளைச்சல் குறையும். அந்த நஷ்டத்தை விவசாயி தலையில் கட்டாமல், ஒயின் வடிப்பவர்கள் முன்கூட்டியே விலை பேசிப் பங்கெடுத்துக்கொள்ள வேண்டும். செனகாவின் மிளகுச் சாயல் அதில் வர வேண்டாம். பன்னீர் திராட்சைக்கென்று ஒரு வாசனை இருக்கிறது, அது புளிப்போடு சேர்ந்து புட்டியில் இறங்கினால் போதும். முதல் புட்டியைக் காசு கொடுத்து வாங்க நான் தயார்.