முதல் பரிசு 1,535 யூரோ!

பிரான்சின் வடக்கே ரூபே என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் நூற்பாலைகளும் நெசவாலைகளும் நிறைந்திருந்த ஊர். தியோடோர் வியென், மொரிஸ் பெரெஸ் என்ற இரண்டு ஆலை முதலாளிகள் 1896-ல் அங்கே தொடங்கியதுதான் பாரிஸ்-ரூபே சைக்கிள் பந்தயம். கருங்கல் பாவிய பழைய கிராமப் பாதைகளில், எலும்பெல்லாம் குலுங்க ஓட்ட வேண்டிய பந்தயம். அந்தப் பாதையில் பெண்களுக்கென்று ஒரு பந்தயம் நடத்த முதலாளிகளுக்கு 125 ஆண்டுகள் தேவைப்பட்டன!

2021 அக்டோபர் 2-ல் அது நடந்தது. சுமார் 116 கிலோமீட்டர் தூரம். ஈரமும் சேறுமான பாதை. பிரிட்டனைச் சேர்ந்த லிசி டெய்க்னன் கடைசி 82 கிலோமீட்டரைத் தன்னந்தனியாக ஓட்டி முதலில் வந்தார். கையுறை அணியாத கைகள் கிழிந்து, கைப்பிடியெல்லாம் ரத்தம். அவருக்குக் கிடைத்த பரிசு 1,535 யூரோ. மறுநாள் அதே பந்தயத்தில் வென்ற ஆணுக்கு 30,000 யூரோ. இருபதில் ஒரு பங்குதான் பெண்ணின் ரத்தத்துக்கு விலையா?

வித்தியாசத் தொகையை அவருடைய அன்றைய அணியான டிரெக்-செகஃப்ரெடோ கொடுத்து ஈடுகட்டியது. நல்ல காரியம்தான். ஆனால் டிரெக் சைக்கிள் விற்கும் கம்பெனி. செகஃப்ரெடோ காப்பி விற்கும் கம்பெனி. வீராங்கனையின் சட்டையே அவர்களுடைய விளம்பரப் பலகை. தருமமாக வந்த பணம் நாளை நின்றுபோகலாம். உரிமையாக வந்தால் நிற்காது.

இந்தப் பந்தயத்தைத் தனி ஆளின் வீரம் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. உண்மையில் இது அணியாகச் செய்யும் உழைப்பு. ஒருத்தி வெல்ல மற்றவர்கள் தண்ணீர்ப் புட்டி சுமக்கிறார்கள். அவளுடைய சக்கரம் கெட்டால் தங்கள் சக்கரத்தைக் கழற்றிக் கொடுக்கிறார்கள். முன்னால் மிதிப்பவள் காற்றைத் தாங்கிக்கொண்டால் பின்னால் வருபவளுக்குப் பாரம் குறைகிறது. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து ஆலைக்குப் போகும் தோழருக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. அன்று டெய்க்னனே அணித் தலைவிகளுக்குத் துணையாகத்தான் முன்னே போனார். துணைக்குப் போனவரே வென்றுவிட்டார்.

வெல்லாத துணைவீராங்கனைகளின் கூலி என்ன? 2017-ல் ஐரிஸ் ஸ்லாப்பெண்டல் என்ற டச்சு வீராங்கனை கணக்கெடுத்தார். ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ஆண்டுக்கு 10,000 யூரோ கூட இல்லை. ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குச் சம்பளமே கிடையாது! சம்பளம் வாங்கியவர்களிலும் பலர் அதில் ஒரு பகுதியை அணிக்கே திருப்பிக் கட்டினார்கள். சம்பளம் கொடுத்த கையாலேயே பிடித்துக்கொள்ளும் இந்த வித்தை நம் ஆலை நிர்வாகங்களுக்கும் புதிதல்ல.

கணக்கெடுத்ததோடு அவர் நிற்கவில்லை. அதே ஆண்டில் கார்மென் ஸ்மால், கிரேசி எல்வின் ஆகியோரோடு சேர்ந்து, சைக்கிளிஸ்ட்ஸ் அலையன்ஸ் என்ற சங்கத்தை அமைத்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அதைப் படித்துச் சொல்ல வக்கீல் உதவி. வெளியே சொல்லப் பயந்த குறைகளைச் சொல்ல ஓர் இடம். 2020-ல் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் முதல்நிலைப் பெண்கள் அணிகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 15,000 யூரோ என்று நிர்ணயித்தது. 2023-ல் அது 32,102 ஆயிற்று. பிரசவ விடுப்பு எட்டு மாதம்: மூன்று மாதம் முழுச் சம்பளம், ஐந்து மாதம் பாதி. ஆண்களின் முதல்நிலை அணிகளுக்கு முன்பே குறைந்தபட்சச் சம்பளம் இருந்தது. பெண்களுக்கு மட்டும் சங்கம் கேட்கத் தொடங்கிய பிறகுதான் சம்மேளனத்தின் கண் திறந்தது!

ஆனால் இந்த விதி எல்லோரையும் எட்டவில்லை. கான்டினென்டல் எனப்படும் கீழ்ப்படி அணிகளுக்குக் குறைந்தபட்சச் சம்பள விதி இல்லை. 2023-ல் ஸ்பெயினின் ஸாஃப் என்ற அணியில் மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. வீராங்கனைகள் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறினார்கள். அணியின் அங்கீகாரத்தைச் சம்மேளனம் ரத்து செய்தது. பருவத்தின் நடுவே வேலையிழந்த பெண்கள் வேறு அணி தேடி அலைய வேண்டியதாயிற்று.

சங்கத்தின் குரலோடு நம் குரலையும் சேர்க்கிறோம். கடைசிப் படி அணி வரைக்கும் குறைந்தபட்சச் சம்பளத்தைச் சம்மேளனம் விதியாக்க வேண்டும். ஓர் ஆண்டின் முழுச் சம்பளத்துக்கும் முன்கூட்டியே வங்கியில் ஈடு கட்டாதவருக்கு அணி நடத்த அனுமதி கொடுக்கக் கூடாது.