சூத்திரம் நோயாளியை அடைய 54 ஆண்டுகள்

1979-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை இருவர் பகிர்ந்துகொண்டார்கள். ஆலன் கார்மக் இயற்பியலாளர். காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் மின்பொறியாளர். இருவரும் மருத்துவம் படித்தவர்கள் அல்லர். இருவரிடமும் முனைவர் பட்டமும் இல்லை. சி.டி. ஸ்கேன் என்று இன்று கிராமங்களில்கூடப் பேச்சில் புழங்கும் கருவிக்கு வழிவகுத்ததற்காக அவர்களுக்கு அந்தப் பரிசு கிடைத்தது. சாலை விபத்தில் தலையில் அடிபட்டு வருகிறவருக்கு மூளையில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று சில நிமிடங்களில் இன்று பார்த்துவிட முடிகிறது. பக்கவாதத்தோடு வருகிறவருக்கு ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போடலாமா கூடாதா என்பதையும் அந்தப் படத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள்.

இந்தக் கருவிக்கு ஆதாரமான கணிதம் 1917-இல் அச்சேறிவிட்டது. முதல் நோயாளிக்கு ஸ்கேன் எடுத்தது 1971-இல். இடையில் கழிந்தவை 54 ஆண்டுகள். ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று என்ற கேள்வியை வரலாற்று ஆர்வத்துக்காக மட்டும் நாம் எழுப்பவில்லை. பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு எவ்வளவு பணம் தருவது, எதற்குத் தருவது, எத்தனை ஆண்டில் பலன் கேட்பது என்று இன்று நாம் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் இதில் பாடம் இருக்கிறது.

அந்த 54 ஆண்டுகளில் நோயாளிகள் பட்டதை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். எழுதிய தாள்கள் பலவற்றை அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தால் எல்லா எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எதையும் படிக்க முடியாமல் போகுமே, சாதாரண எக்ஸ்ரேயில் தலை அப்படித்தான் தெரியும். மண்டையோடு பளிச்சென்று விழும். உள்ளே இருக்கும் மூளை புலப்படாது. ஆகவே 1919-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி, முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி, மூளையைச் சூழ்ந்த நீரை எடுத்துவிட்டுக் காற்றை ஏற்றிப் படமெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். கடும் தலைவலியும் வாந்தியும் அதற்குப் பிறகு நாள்கணக்கில் நீடிக்கும். 1927-இல் போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸ், கழுத்துத் தமனி வழியே மருந்து செலுத்தி மூளையின் ரத்தக்குழாய்களைப் படமெடுத்தார். மூளையில் கட்டி இருக்கிறதா என்று அறிய நினைத்தவர்கள் அரை நூற்றாண்டுக் காலம் இந்த வேதனைகளுக்கு உட்பட வேண்டியிருந்தது.

அந்தக் காலம் முழுவதும் விடை ஜெர்மன் மொழியில் எழுதப்பட்ட ஒரு கட்டுரையில் இருந்தது. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1917-இல் ஆஸ்திரியக் கணிதவியலாளர் யோஹான் ராடோன், லைப்சிக் நகரில் இருந்த அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் அதை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இது: ஒரு தளத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மதிப்பு இருக்கிறது. அது என்னவென்று நமக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தளத்தின் குறுக்கே செல்லும் ஒவ்வொரு நேர்கோட்டிலும் உள்ள மதிப்புகளின் கூட்டுத்தொகை தெரியும். அதை மட்டும் வைத்து ஒவ்வொரு புள்ளியின் மதிப்பையும் மீட்க முடியுமா? முடியும் என்று நிறுவி, அதற்கான சூத்திரத்தையும் ராடோன் தந்தார். எக்ஸ்ரே கதிர் ஒன்று உடலைக் கடந்து வெளியே வரும்போது எவ்வளவு வலுவிழந்திருக்கிறது என்று அளந்தால், அந்தக் கோட்டில் இருந்த திசுக்கள் உறிஞ்சியவற்றின் கூட்டுத்தொகை கிடைக்கும். ராடோனின் கேள்வியும் மருத்துவரின் கேள்வியும் ஒன்றே. ஆனால் அவர் கட்டுரையில் மருத்துவம் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

54 ஆண்டுத் தாமதத்தை நாம் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறோம். முதல் பகுதிக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. முதல் மருத்துவ ஸ்கேன் கருவி மூளையின் ஒரு குறுக்குவெட்டை 80-க்கு 80 கட்டங்களாகப் பிரித்தது. அதற்காகச் சுமார் 28,000 அளவீடுகளை எடுத்தது. இத்தனை எண்களை வைத்து 6,400 கட்டங்களின் மதிப்பைக் கைக்கணக்காகப் போட்டு முடிப்பதற்குள் நோயாளியின் நிலை எங்கோ போயிருக்கும். சூத்திரம் கணினிக்காகக் காத்திருந்தது. கணினி வராமல் அந்த வேலை நடந்திருக்க வழியில்லை.

இரண்டாம் பகுதி 1956-இல் தொடங்குகிறது. கணினிகள் வந்துவிட்டன. அந்த ஆண்டு மே மாதம் ராடோன் வியன்னாவில் காலமானார். அதே ஆண்டு ரேடியோ வானியலாளர் ரொனால்ட் பிரேஸ்வெல், வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பட்டை பட்டையாக அளந்து முழுப் படத்தை மீட்கும் வழியை ஆஸ்திரேலிய ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், க்ரூட் ஸ்கியூர் மருத்துவமனையின் இயற்பியலாளர் வேலையை விட்டுப் போனார். கதிரியக்கப் பொருள்களைக் கையாள இயற்பியலாளர் ஒருவரின் மேற்பார்வை கட்டாயம் என்பதால், பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த கார்மக்கை வாரம் ஒன்றரை நாள் வந்துபோகச் சொன்னார்கள்.

அங்கே புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை தருவதை அவர் பக்கத்திலிருந்து பார்த்தார். உடல் முழுதும் ஒரே தன்மையுள்ள பொருள் என்று வைத்துக்கொண்டே அளவைக் கணக்கிட்டார்கள். எலும்பும் நுரையீரலும் தசையும் கதிரை ஒரே அளவில் உறிஞ்சுவதில்லையே, எங்கே எவ்வளவு என்று வெளியிலிருந்தே அளந்து சொல்ல முடியாதா என்று அவருக்குத் தோன்றியது. இது பழைய கணக்காகத்தான் இருக்கும் என்று நூல்களில் தேடினார், கணிதவியலாளர்களைக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. தாமே அமர்ந்து கணக்கைத் தீர்த்தார். ராடோன் அதை முன்பே தீர்த்துவிட்டார் என்பது அவருக்குத் தெரியவந்தது 14 ஆண்டுகள் கழித்து. கார்மக்கின் கட்டுரைகள் 1963-லும் 1964-லும் பயன்முறை இயற்பியல் இதழ் ஒன்றில் வெளிவந்தன. மருத்துவர்கள் படிக்கும் இதழ் அல்ல அது. கிட்டத்தட்ட யாரும் கண்டுகொள்ளவில்லை. பிரதி கேட்டு எழுதியவர்களில் ஸ்விட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையமும் ஒன்று. மலைமேல் படிந்த பனியை அளக்க அந்த முறை உதவுமா என்று அவர்கள் பார்த்தார்கள்.

அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் ஓல்டன்டார்ஃப் என்ற நரம்பியல் மருத்துவர், காற்றேற்றும் சோதனையில் நோயாளிகள் படும் பாட்டைப் பொறுக்காமல், பொம்மை ரயில் தண்டவாளத்தையும் கிராமபோனின் சுழல்தட்டையும் வைத்து ஒரு மாதிரிக் கருவியைச் செய்து பார்த்தார். 1961-இல் அதை வெளியிட்டார். 1963-இல் காப்புரிமையும் பெற்றார். எக்ஸ்ரே கருவி தயாரிப்பாளர் ஒருவர் இதற்குச் சந்தை இல்லை என்று கைவிரித்துவிட்டார். சோவியத் யூனியனின் கீவ் நகரிலும் 1950-களின் இறுதியில் சிலர் இதே கணக்கைப் போட்டு எழுதினார்கள். 1968-இல் கேம்பிரிட்ஜில் ஆரன் க்ளூக்கும் டேவிட் டிரோசியரும் எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்து முப்பரிமாண வடிவத்தை மீட்டார்கள்.

கார்மக்கிடம் கணிதம் இருந்தது, கருவி செய்யும் தொழிற்சாலை இல்லை. ஓல்டன்டார்ஃபிடம் நோயாளி இருந்தார், கணிதமும் கணினியும் இல்லை. பிரேஸ்வெல்லிடம் கணிதமும் கணிப்பு முறையும் இருந்தன, அவர் கண் வானத்தில் இருந்தது. தேவையானவை எல்லாமே உலகில் இருந்தன. வெவ்வேறு கட்டடங்களில் இருந்தன. இந்த இரண்டாம் தாமதம் இயற்கை விதித்ததல்ல. மனிதர்கள் சந்தித்திருந்தால் இது குறைந்திருக்கும்.

சந்திப்பு இங்கிலாந்தில் நடந்தது. இசைத்தட்டுகளுக்குப் பெயர்பெற்ற ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் கணினி வடிவமைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியிருந்த ஹவுன்ஸ்ஃபீல்ட், 1967-இல் வெளியிலிருந்து எடுத்த அளவீடுகளைக்கொண்டு உள்ளிருப்பதைப் படமாக்கலாம் என்ற எண்ணத்துக்கு வந்தார். ராடோனையும் கார்மக்கையும் அவர் படித்ததில்லை. ஒரு கடைசல் இயந்திரத்தின் மேடையில் அமைத்த அவருடைய முதல் சோதனைக் கருவி, ஒரே ஒரு படத்துக்கான அளவீடுகளை எடுக்க 9 நாள் எடுத்துக்கொண்டது. அதன்பின் பெரிய கணினியில் இரண்டரை மணி நேரக் கணக்கு. அவர் தயங்காமல் மருத்துவர்களைத் தேடிப் போனார். பிரிட்டிஷ் சுகாதாரத் துறை அரசுப் பணம் கொடுத்தது. லண்டனின் விம்பிள்டன் பகுதியில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையின் கதிரியல் மருத்துவர் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ் அவரோடு சேர்ந்தார். 1971 அக்டோபர் 1 அன்று மூளைக்கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு முதல் ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் கட்டி தெளிவாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் உலகுக்கு அறிவித்தார்கள்.

இந்தக் கதையில் நம் பக்கத்தவர் ஒருவருக்கும் இடம் உண்டு. அந்த இடத்தை நாம் போதிய அளவு நினைப்பதில்லை. எர்ணாகுளத்தில் கணிதப் பேராசிரியரின் மகனாகப் பிறந்து, சி.வி. ராமனிடம் பயின்ற ஜி.என். ராமச்சந்திரன், 1952-இல் தம் 30-ஆம் வயதில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவரானார். அப்போதைய துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் ஒரு மருத்துவர். பக்கத்திலேயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கொலாஜன் மாதிரிகளை வாங்கி, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து அந்தப் புரதம் மூன்று இழை முறுக்கில் அமைந்தது என்று 1954-இல் அவர் காட்டினார். ராமகிருஷ்ணனோடும் சசிசேகரனோடும் 1963-இல் வெளியிட்ட ‘ராமச்சந்திரன் வரைபடம்’ இல்லாத உயிர்வேதியியல் பாடநூலே உலகில் இல்லை எனலாம்.

பின்னர் பெங்களூருவின் இந்திய அறிவியல் நிறுவனத்துக்குச் சென்ற ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் 1971-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். எக்ஸ்ரே அளவீடுகளிலிருந்து படத்தை மீட்க அப்போது இருந்த முக்கிய வழிகளில் ஒன்று, ஃபூரியர் உருமாற்றம் என்ற கணக்கு முறையின் ஊடாகச் சுற்றிப் போவது. அதை விட்டுவிட்டு ஒவ்வொரு கோணத்தின் அளவீட்டு வரிசையையும் நேரடியாகத் திருத்தும் வழியை இருவரும் காட்டினார்கள். ஓர் அளவீட்டை எடுத்து, அதன் இருபுறமும் ஒன்றாம், மூன்றாம், ஐந்தாம் இடங்களில் உள்ளவற்றின் சிறு பங்கைக் கழிக்க வேண்டும்; இரட்டைப்படை இடங்களை அப்படியே விட்டுவிடலாம். திருத்திய வரிசையை அது வந்த திசையிலேயே படத்தின்மேல் பரப்ப வேண்டும். எல்லாக் கோணத்துக்கும் இதைச் செய்து கூட்டினால் மங்கலின்றிப் படம் எழும். கணக்கு மிகவும் சுருங்கியது. எல்லா அளவீடும் வந்து சேரும்வரை காத்திராமல், ஒவ்வொன்றும் வர வரவே கணினி வேலையைத் தொடங்கலாம். ஹவுன்ஸ்ஃபீல்ட் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான சமன்பாடுகளைத் திரும்பத் திரும்பத் திருத்தித் தீர்த்தார். ஸ்கேன் கருவிகள் விரைவிலேயே அதை விட்டு இந்த வழிக்கு மாறி, பல பத்தாண்டுகள் இதிலேயே இயங்கின. ‘ராம்-லாக் வடிப்பான்’ என்ற பெயரில் இன்றும் உலகெங்கும் மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள்.

ராடோனின் கதையைத் தூய கணிதத்துக்கு ஆதரவாகச் சொல்வது வழக்கம். பொறுத்திருங்கள், என்றாவது பயன்படும் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அதில் பாதி உண்மை. மூன்று ஆண்டுத் திட்டத்தில் பலன் காட்டச் சொல்லியிருந்தால் ராடோனுக்கு எதுவும் கிடைத்திருக்காது; கேள்விக்காகவே கேள்வி கேட்பவரை ஒரு சமூகம் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் அறிவு தானாகவே நடந்து நோயாளியிடம் வந்து சேரும் என்ற மறுபாதி தவறு. கணினி வந்த பிறகும் 15 ஆண்டுகள் அது வரவில்லை. வேறு துறைக்குள் துணிந்து நுழைந்த சில மனிதர்கள்தான் அதை அழைத்துவந்தார்கள்.

சந்திப்பைத் திட்டமிட்டு ஏற்படுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2006-இல் இம்மானுவேல் கான்டேஸ், ஜஸ்டின் ராம்பெர்க், டெரன்ஸ் தாவோ ஆகியோரும், தனியாக டேவிட் டோனஹோவும், மிகக் குறைந்த அளவீடுகளிலிருந்தே முழுப் படத்தையும் மீட்க முடியும் என்பதைக் கணிதத்தால் நிறுவினார்கள். டோனஹோ இருந்த ஸ்டான்ஃபோர்டிலேயே மின்பொறியாளர்கள் அடுத்த ஆண்டே அதை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பொருத்திக் காட்டினார்கள். அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையின் கதிரியல் மருத்துவர்கள் கைகோத்தார்கள். நெடுநேரம் அசையாமல் படுக்க முடியாத குழந்தைகளுக்கு மயக்க மருந்தின் தேவையைக் குறைக்க அது உதவியது. 2017-இல் இந்த முறையில் இயங்கும் எம்.ஆர்.ஐ. கருவிகளுக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. தேற்றத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையே 11 ஆண்டுகள்தான்.

சென்னையின் தென்பகுதியை நினைத்துப் பாருங்கள். தரமணியில் 1962-இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. சில கிலோமீட்டருக்குள் ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம், ராமச்சந்திரன் பணியாற்றிய பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், தோல் ஆராய்ச்சி நிறுவனம், 1954 முதல் இயங்கும் அடையாறு புற்றுநோய் நிலையம் எல்லாம் இருக்கின்றன. தேவையானவை அனைத்தும் ஒரே பேருந்துத் தடத்தில் அமைந்த நகரங்கள் உலகில் அதிகம் இல்லை. ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம் கருவிலுள்ள சிசுவின் மூளையை ஆயிரக்கணக்கான வெட்டுகளாக்கி, கணினியில் முப்பரிமாணத்தில் மீட்டு 2024-இல் உலகுக்கு வழங்கியது. சேர்ந்து உழைத்தால் நம்மாலும் முடியும் என்பதற்கு அதுவே போதும்.

இத்தகைய முயற்சிகள் தனிமனிதரின் ஊக்கத்தை நம்பியே இருக்கக் கூடாது. கணிதத்திலோ கணினியியலிலோ முனைவர் பட்டத்துக்குப் பதிவுசெய்யும் மாணவர், விரும்பினால், வாரம் ஒன்றரை நாள் ஓர் அரசு மருத்துவமனையில் இருக்கப் பல்கலைக்கழக விதிகள் இடம் தர வேண்டும். அந்த நாள்களும் ஆய்வுக் காலமாகக் கணக்கில் வர வேண்டும். பட்ட மேற்படிப்பு படிக்கும் மருத்துவர் ஒரு பருவம் கணிதத் துறையில் உட்கார வழி வேண்டும். இரு துறைகள் சேர்ந்து எழுதிய கட்டுரைக்குப் பதவி உயர்வில் இரு துறையிலும் முழு மதிப்பு தர வேண்டும். இவற்றுக்குப் புதிய கட்டடம் வேண்டாம், பெரிய பணமும் வேண்டாம். கார்மக் கேள்வியைக் கண்டடைந்தது அப்படி ஓர் ஒன்றரை நாளில்தான். அதுவும் ஒருவர் வேலையை விட்டுப் போனதால் நேர்ந்த தற்செயல். தற்செயலாக நடந்ததை நாம் விதியாகவே எழுதிவைக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் அடுத்த கல்வியாண்டுக்கு முன் கூடிப் பேசினால் அதற்கான முதல் பத்து மாணவர்களைத் தேர்ந்துவிட முடியும்.