நம்பியவர் கைவிடப்பட்டாரா?

லாரியின் நெற்றியிலே பார்க்கிறோம். மளிகைக் கடையின் பலகையிலே பார்க்கிறோம். ஆட்டோவின் முதுகிலேயும் பார்க்கிறோம்: கடவுளை நம்பினோர் கைவிடப்படார்! எழுதி வைத்தவர் எந்த மதத்தவராயினும் சரி, அதற்கு அவர் கொள்ளும் பொருள் பெரும்பாலும் ஒன்றே. நாம் கும்பிடுகிறோம், அவர் காப்பாற்றுவார். வண்டி கவிழாது, கடை நொடிக்காது, பிள்ளை பரீட்சையில் தேறிவிடுவான்.

அப்படியானால் ஒரு கேள்வி கேட்கிறோம். 1980 மார்ச் 24 ஆம் நாள் மாலை, எல் சால்வடார் நாட்டின் தலைநகரான சான் சால்வடாரில், புற்றுநோய் மருத்துவமனை ஒன்றைச் சேர்ந்த சின்னஞ்சிறு கோயிலில், பூசை செய்துகொண்டிருந்த பேராயர் ஆஸ்கார் ரொமேரோ ஒரே குண்டுக்குப் பலியாகி, பீடத்தருகிலேயே சாய்ந்தாரே, அவர் கடவுளை நம்பாதவரா? நம்பியவர்தான். அவர் கைவிடப்பட்டாரா, இல்லையா?

பக்தர்களுக்கு இது சங்கடமான கேள்வி. நம் தோழர்களிலே சிலருக்கும் இது சங்கடமானதே. பாதிரியார் என்றாலே பணக்காரன் பக்கம், பூசை என்றாலே ஏழையைத் தூங்க வைக்கும் தாலாட்டு என்று சூத்திரம் போல் சொல்லிப் பழகிவிட்டவர்கள் அவர்கள். சூத்திரம் பல இடங்களில் பொருந்தவும் பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்த மனிதரிடம் வந்து அது முறிந்து விழுகிறது.

எல் சால்வடார் மத்திய அமெரிக்காவிலே உள்ள சின்ன நாடு. தமிழ்நாட்டின் பரப்பிலே ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். காப்பிதான் அந்நாட்டின் செல்வமாக இருந்தது. அந்தக் காப்பி விளைந்த நிலமோ விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பங்களின் கையிலே! பதினான்கு குடும்பங்கள் என்றே மக்கள் பேசிக்கொள்வார்கள். 1932 இல் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள், பட்டாளம் பாய்ந்தது, சில வாரங்களிலே குறைந்தது 10,000 பேர் கொல்லப்பட்டார்கள். 30,000 என்று சொல்வோரும் உண்டு. அதன் பிறகு அரை நூற்றாண்டுக் காலம் இராணுவத்தாரே ஆண்டார்கள். ஆண்டவர்களும் சீமான்களும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனவர்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

ரொமேரோ 1917 இல் சாதாரணக் குடும்பத்திலே பிறந்தவர். பையனாக இருந்தபோது தச்சரிடம் தொழில் பழகினார். (நாசரேத்தூர்க்காரரும் தச்சர்தாம் என்பதை அவரைக் கும்பிடும் முதலாளிகள் நினைத்துப் பார்ப்பதுண்டோ என்னவோ!) பின்பு குருமடம், ரோமாபுரியிலே படிப்பு, மேற்றிராணியார் பதவி. புத்தகமும் செபமுமாக இருந்த கூச்ச சுபாவக்காரர். 1977 பிப்ரவரியில் அவரைப் பேராயராக்கியபோது சீமான்கள் மகிழ்ந்தார்கள். இவர் நம் வழிக்கு வருவார், வம்புக்கு வரமாட்டார் என்று கணக்குப் போட்டார்கள்.

மூன்று வாரமாயிற்று. மார்ச் 12 ஆம் நாள், ருத்திலியோ கிராந்தே என்ற பாதிரியாரைச் சாலையிலே சுட்டுக் கொன்றார்கள். கரும்புத் தோட்டக் கூலிகளிடையே வேலை செய்தவர் அவர். சங்கம் சேருவது உங்கள் உரிமை என்று சொன்னவர். அவரோடு வண்டியிலே இருந்த ஒரு கிழவரும் ஒரு பையனும் செத்தார்கள். கிராந்தே ரொமேரோவின் நண்பர். நண்பரின் சடலத்தையும், சுற்றி நின்ற கூலிகளின் முகங்களையும் அன்றிரவு அவர் பார்த்தார்.

பிறகு அவர் செய்ததைக் கேளுங்கள். அடுத்து வந்த ஒரு ஞாயிறன்று தம் ஆட்சிக்குட்பட்ட எல்லாக் கோயில்களிலும் பூசையை நிறுத்தினார். ஒரே ஒரு பூசை, பேராலயத்தின் முன்னே, எல்லோரும் அங்கே வாருங்கள் என்றார். திருச்சபையின் மேலிடத்துத் தூதருக்கே அது பிடிக்கவில்லை. பேராயர் பின்வாங்கவில்லை. கொலையை ஒழுங்காக விசாரிக்கும்வரை சர்க்கார் விழா எதிலும் கலந்துகொள்ளேன் என்று அறிவித்தார். புதிய ஜனாதிபதி பதவியேற்றபோதும் போகவில்லை. அந்த ஜனாதிபதியின் பெயரும் ரொமேரோதான்! உறவு ஏதுமில்லை, பெயர் ஒன்று, பாதை வேறு.

மாளிகையிலே தங்க மறுத்தார். கதியற்ற புற்றுநோயாளிகளைக் கன்னியாஸ்திரீகள் பராமரித்த மருத்துவமனையிலே தங்கினார். பேராலயக் கட்டட வேலையை முடிக்கும் செலவை ஒத்திப்போட்டு, அந்தப் பணம் ஏழைகளுக்குப் போகட்டும் என்றார். ஞாயிறுதோறும் அவருடைய பிரசங்கத்தைத் திருச்சபையின் வானொலி ஒலிபரப்பியது. வேதவாக்கியத்துக்கு விளக்கம் சொல்லி முடித்ததும் பட்டியல் ஒன்றைப் படிப்பார். அந்த வாரம் கொல்லப்பட்டவர் இன்னார், பிடித்துக்கொண்டு போய் இன்றுவரை தகவல் இல்லாதவர் இன்னார், எந்த ஊர், எந்த நாள். பத்திரிகைகள் அச்சிடாத பெயர்களை அவர் ஒலிபெருக்கியிலே சொன்னார். மகன் எங்கே என்று தெரியாத தாய், மகனின் பெயராவது சொல்லப்பட்டதே என்று கேட்டு அழுதாள். வானொலி நிலையத்துக்கு வெடி வைத்தார்கள். பழுது பார்த்துவிட்டு மறுபடியும் பேசினார்.

கம்யூனிஸ்டு என்று அவருக்குப் பட்டம் கட்டினார்கள். அவரோ, ஆயுதமேந்திய இடதுசாரிக் குழுக்கள் ஆட்களைக் கடத்தியபோதும் கொன்றபோதும் அதையும் கண்டித்தார். இதை மறைத்து அவரை நம் கட்சிக்காரராக்கிக் கொள்வது நேர்மையாகாது. அவர் கத்தோலிக்கர், கடைசிவரை கத்தோலிக்கர். வேதத்தை அப்படியே நம்பியதால்தான் குடியானவன் பக்கம் போய் நின்றார்.

அவருக்குப் பயம் இல்லையா? இருந்தது! நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். நம்பிக்கை வந்துவிட்டால் பயம் பறந்துவிடும் என்று பிரசங்கிகள் சொல்லுகிறார்கள். ரொமேரோவின் பயம் பறக்கவில்லை. 1980 பிப்ரவரியிலே தியானத்துக்குப் போனபோது, வன்முறையால் சாவு வருமோ என்ற அச்சம் தமக்கு இருப்பதைத் தம் குறிப்பேட்டிலே எழுதினார். தம் ஆன்ம குருவிடமும் ஒளிக்காமல் சொன்னார். பாதுகாப்புக்கு ஆள் தருகிறோம் என்றது சர்க்கார். வேண்டாம், என் மக்களுக்கு இல்லாத பாதுகாப்பு எனக்கு எதற்கு என்ற கருத்திலே மறுத்துவிட்டார். பயந்துகொண்டே மறுத்தார்.

ஆலைத் தொழிலாளிக்கு இது புரியாத விஷயமல்ல. வேலைநிறுத்த அறிவிப்பிலே முதல் கையெழுத்துப் போடுகிறானே ஒருவன், அவனுக்குப் பயமில்லை என்றா நினைக்கிறோம்? வீட்டிலே பிள்ளைகள் உண்டு. வாடகை பாக்கி உண்டு. பெயர் முதலில் இருந்தால் கதவடைப்பும் முதலில் தனக்குத்தான் என்று தெரியும். கை நடுங்கும். நடுங்குகிற கையாலேயே போடுகிறான். பின்னால் நிற்பவர்கள் தன்னை விட்டுவிட மாட்டார்கள் என்று எண்ணுகிறான். அதற்கு உறுதிச் சீட்டு எதுவும் அவனிடம் இல்லை. ரொமேரோ கடவுளிடம் வைத்த நம்பிக்கையும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

உண்டியலிலே பத்து ரூபாய் போட்டுவிட்டு நூறு ரூபாய்க்குப் பலன் எதிர்பார்ப்பவன், கடவுளை நம்பவில்லை. அவரோடு பேரம் பேசுகிறான். பலன் வராவிட்டால் கோயிலை மாற்றுவான், சாமியை மாற்றுவான், சபையை மாற்றுவான். கிறிஸ்தவ மேடைகளிலே இன்று இந்த வாணிபம் கொடிகட்டிப் பறக்கிறது. காணிக்கை கொடு, கார் வரும். சாட்சி சொல், கடன் தீரும் என்கிறார்கள். சிலுவையிலே அறையப்பட்ட ஒருவரை நடுவிலே நிறுத்திக்கொண்டு இப்படியும் பேச முடிகிறதே என்பதுதான் நமக்கு வியப்பு! அவருக்கு எந்தக் கார் வந்தது? எந்தக் கடன் தீர்ந்தது?

ரொமேரோ கடவுளிடம் உயிரைக் காப்பாற்று என்று கணக்குக் கொடுக்கவில்லை. செய்ய வேண்டியது தம் பொறுப்பு, முடிவு அவருடைய பொறுப்பு என்று பிரித்துக்கொண்டார். அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டருக்குப் பிப்ரவரி 17 ஆம் நாள் கடிதம் எழுதினார்: எங்கள் சர்க்காருக்கு இராணுவ உதவி அனுப்பாதீர்கள், அது என் மக்கள்மேல்தான் பாயும் என்று. உதவி நிற்கவில்லை. மார்ச்சிலே அவர் பூசை செய்த ஆலயத்திலே வெடிமருந்து நிறைந்த பெட்டி அகப்பட்டது, வெடிக்காமல் போனது. இனி என்ன நடக்கும் என்பது குழந்தைக்கும் தெரிந்திருக்கும்.

மார்ச் 23, ஞாயிறு. அன்று அவர் ஜெனரல்களிடம் பேசவில்லை. சாதாரணச் சிப்பாய்களிடம் பேசினார். நீங்களும் குடியானவன் பிள்ளைகள், நீங்கள் சுடுவது உங்கள் சகோதரர்களை, கொல்லாதே என்ற கடவுளின் கட்டளைக்கு எதிரான உத்தரவுக்கு எந்தச் சிப்பாயும் கீழ்ப்படிய வேண்டியதில்லை, அடக்குமுறையை நிறுத்துங்கள் என்று கடவுளின் பெயரால் ஆணையிட்டார். கோயில் கரவொலியால் அதிர்ந்தது. பட்டாளத்தின் அடிமடியிலேயே கைவைத்துவிட்டார்! துப்பாக்கி பிடித்தவனே குடியானவன் மகன் என்ற உண்மையை நாடறியச் சொன்ன பிறகு, அவரை விட்டு வைப்பார்களா? மறுநாள் மாலை, நண்பர் ஒருவரின் தாயாருக்கான நினைவுப் பூசை. இடமும் நேரமும் அன்றைய பத்திரிகையிலேயே வெளிவந்திருந்தன. போகாமல் இருந்திருக்கலாம். போனார். அன்று வாசித்த வேதபாகம், கோதுமை மணி மண்ணிலே விழுந்து மடிவதைப் பற்றியது. பிரசங்கம் முடிந்ததும் குண்டு வந்தது.

30 ஆம் நாள் இறுதிச் சடங்கு. கூடியிருந்த கூட்டத்தின் நடுவே குண்டு வெடித்தது, துப்பாக்கிகள் முழங்கின, நெரிசலிலும் சூட்டிலும் பலர் மாண்டார்கள். அதன் பின் 1992 வரை உள்நாட்டுப் போர். சுமார் 75,000 பேர் பலி. கொலைக்கு உத்தரவிட்டவர் முன்னாள் மேஜர் ராபர்ட்டோ தௌபிசோன் என்று ஐக்கிய நாடுகளின் உண்மை அறியும் குழு 1993 இல் அறிக்கை தந்தது. அதற்குள் அவர் நோயால் இறந்துவிட்டிருந்தார். அந்த அறிக்கை வந்த சில நாட்களிலேயே பொது மன்னிப்புச் சட்டமும் வந்தது!

ரோமாபுரியிலேயும் இழுபறிதான். இவர் விசுவாசத்துக்காகச் செத்தாரா, அரசியலுக்காகச் செத்தாரா என்று ஆண்டுக்கணக்கிலே வழக்காடினார்கள். பசித்தவன் பக்கம் நிற்பது அரசியல், மெழுகுவத்தி ஏற்றுவது மட்டும் விசுவாசம் என்று யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ! 2015 இல், விசுவாசத்தின்மீது கொண்ட பகையால் கொல்லப்பட்ட மறைசாட்சி இவர் என்று போப்பாண்டவர் பிரான்சிஸ் அறிவித்தார். 2018 அக்டோபர் 14 ஆம் நாள் புனிதர் பட்டம் வழங்கியபோது, ரொமேரோ சாகும்போது இடுப்பிலே கட்டியிருந்த, இரத்தக்கறை படிந்த அதே கச்சையைப் போப்பாண்டவர் தம் இடுப்பிலே கட்டிக்கொண்டு வந்து நின்றார். கொன்றவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தாம். சான் சால்வடார்க் குடியானவர்கள் அவரைப் புனிதர் என்று அழைக்க ரோமாபுரியின் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. 1980 இலேயே அழைக்கத் தொடங்கிவிட்டார்கள்.