தாழ்ப்பாளை நீக்கியது எது?

கருவி வந்துவிட்டது, இனிக் கல்வி தானே வந்துவிடும் என்போர் இன்று பலர். தோழர்களே, வரலாறு கூறுவதோ வேறு!

1963-இல் பிரிட்டனின் தொழிற்கட்சித் தலைவர் ஹெரால்டு வில்சன், வானொலி, தொலைக்காட்சி வழியே ஒரு பல்கலைக்கழகம் என்றார். ஏளனம் எழுந்தது. சுரங்கத் தொழிலாளியின் மகளான அமைச்சர் ஜென்னி லீ அசையவில்லை. 1969-இல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1971-இல் பாடம் தொடங்கிற்று. 21 வயது நிரம்பியோரிடம் முன்தகுதிச் சான்று கேட்கப்படவில்லை. பகலெல்லாம் உழைத்தோர் வைகறையிலும் இரவிலும் பயின்றனர். சோதனைக் கருவிகள் அஞ்சலில் இல்லம் தேடிச் சென்றன. ஐயம் தீர்க்க ஆசிரியரும் இருந்தார்.

2006-இல் அந்தப் பாட ஒளிபரப்பு முடிவுற்றது. பல்கலைக்கழகம் முடிவுற்றதா? இல்லை, இன்றும் நடைபெறுகிறது! ஏன்? தொலைக்காட்சி பாடத்தைச் சுமந்தது. தாழ்ப்பாளை நீக்கியதோ, சான்றிதழ் இல்லாதவனும் கற்பான் என்ற நம்பிக்கை.

இன்று பல்கலைக்கழகங்கள் கணினிகளையும் செயற்கை நுண்ணறிவையும் வாங்கிக் குவிக்கின்றன. வாங்கட்டும், வரவேற்போம்! ஆயின், ஆலைச் சங்கு ஊதிய பின் வரும் தொழிலாளிக்கு, அடுப்படி வேலை முடித்து வரும் தாய்க்கு, அங்கே இடம் உண்டா? ஐயம் தீர்க்க ஆசிரியர் உண்டா?

கேளுங்கள், தோழர்களே! விடை வரும்வரை கேளுங்கள்!