பூனாச்சியும் குடும்பப் பாசமும்
(நோணாங்குப்பத்து வாசகர் ஒருவர் எழுதுவது)

தோழர் பெருமாள்முருகன் எழுதி 2016-ல் வெளிவந்த “பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை” என்னும் நாவலை எங்கள் ஊரிலும் சிலர் வாசித்தோம். வாசித்தவர்களில் பலர், கிழவனும் கிழவியும் அவ்வாட்டுக்குட்டியிடம் வைத்த பாசத்தை எண்ணி உருகுகிறார்கள். உருகுவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் பார்க்கவேண்டுமென்பதே நமது அபிப்பிராயம்.

ராட்சதன் போன்ற ஒருவன் கருங்குட்டியொன்றைக் கிழவனிடம் கொடுத்துப் போகிறான். சர்க்கார் அதன் காதைக் குத்திக் கணக்கெழுதுகிறது. இதனால் இதை இருண்ட மாயக்கதை என்கிறார்கள். மாயம் இருக்கட்டும்; இருட்டு கிழவியின் வீட்டிலேயல்லவா இருக்கிறது? பூனாச்சி விரும்பியது பூவன் என்னும் கிடாயை. சேர்த்துவைக்கப்பட்டதோ வேறொரு கிழட்டுக் கிடாயுடன். ஏழு குட்டி ஈனுகிறது, குட்டிகள் விலைபோகின்றன.

கிழவியின் அன்பு பொய்யென்று நாம் சொல்லவரவில்லை, மெய்யான அன்புதான். அந்த மெய்யன்பு ஒரு குட்டியின் விற்பனையையாவது தடுத்ததா? வறுமை செய்த வேலை, கிழவி என்ன செய்வாள் என்பார்கள். சரி, வறுமை வந்ததும் முதலில் தள்ளப்படுவது யாருடைய விருப்பம்? ஆட்டுக்கு விருப்பம் ஏது என்று கேட்பவர், பெண் பார்க்க வந்தவர்முன் தம் மகளை நிறுத்தியபோது அவளைக் கேட்டாரா?

நிற்க, 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் பெண்களுக்குச் சமசொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் அதற்குச் சட்டம் வந்ததோ 1989-ல். இடையிலிருந்த 60 வருஷமும் தகப்பன்மார் பெண்மக்களிடம் பாசமில்லாமலா இருந்தார்கள்? பாசமெல்லாம் இருந்தது, பத்திரத்தில்தான் பெயரில்லை. இன்றைக்கும் “சீர் செய்தாயிற்றே” என்று அழைத்துப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிற அண்ணன்மார் தங்கையிடம் பிரியமில்லாதவர்களா?

இவ்வாசிரியர் “மாதொருபாகன்” எழுதியதற்காக மதக்காரராலும் ஜாதிக்காரராலும் 2015-ல் பேனாவைக் கீழே வைக்கும்படி செய்யப்பட்டவர். மனிதரையும் தெய்வங்களையும் எழுத அஞ்சி ஆட்டை எடுத்துக்கொண்டதாக முன்னுரையில் சொல்லுகிறார். தெய்வங்களுக்குள்ள வீரம் அவ்வளவுதான் போலும்! ஆனால் ஆட்டின் பெயரால் அவர் எழுதியது நம் வீட்டு நடப்பையே.

அவர்மீது நமக்கொரு குறையுண்டு. கிழவியை அத்தனை இரக்கத்தோடு எழுதிவிட்டதால், வாசிப்பவர் அவளுக்காக அழுது முடித்து, பூனாச்சியின் பக்கம் திரும்ப மறந்துபோகிறார். கதையின் முடிவை நாம் இங்கே சொல்லவில்லை. வீட்டிலுள்ள பெண்கள் கையில் முதலில் கொடுத்துவிட்டு, அவர்கள் என்ன சொல்லுகிறார்கள் என்று கேளுங்கள்.