பேய்ப் படத்தில் பயமுறுத்துவது பேயா... சத்தமா?

பேய்ப் படம் பார்க்கும்போது பயம் வந்தால் என்ன செய்வீர்கள்? நம்மில் பலரும் கண்ணைத்தான் மூடிக்கொள்வோம். ஆனாலும் பயம் போகாது. காரணம், காது திறந்தே இருக்கிறதே!

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' (1975) படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். படப்பிடிப்பில் இயந்திரச் சுறா அடிக்கடி மக்கர் செய்தது. அதனால் சுறாவை அதிகம் காட்ட முடியவில்லை. அந்த இடத்தை நிரப்பியது ஜான் வில்லியம்ஸின் இசை. மாறி மாறி ஒலிக்கும் இரண்டே ஸ்வரங்கள்தான். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. திரையில் வெறும் தண்ணீர்தான் தெரியும். ஆனால், சுறா நெருங்குவது நமக்குத் தெரிந்துவிடும்.

இதில் ஒரு தந்திரமும் உண்டு. இரண்டு சிறுவர்கள் அட்டையில் சுறாத் துடுப்பு செய்து கடற்கரையையே அலறவைப்பார்கள். அந்தக் காட்சியில் சுறாவுக்கான இசை வராது. 'இசை வந்தால்தான் சுறா வரும்' என்று நாமும் நம்பிவிடுவோம். பிறகு ஒரு காட்சியில், போலீஸ் அதிகாரி படகிலிருந்து இரை வீசிக்கொண்டிருப்பார். எந்த முன்னறிவிப்பு இசையும் இல்லாமல் சுறா தலையைத் தூக்கும். தியேட்டரே தூக்கிவாரிப்போட்டதற்குக் காரணம், அந்த இசை இல்லாததுதான்.

ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) கதை வேறு. குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் இசை அமைத்துக் கேட்கவைத்தார். இயக்குநர் மனம் மாறினார். முழுப் படத்துக்கும் வயலின் குடும்பத்துத் தந்திக் கருவிகள் மட்டுமே. அந்தக் கீச்சொலியைப் படம் பார்க்காதவர்களும் கேட்டிருப்பார்கள்.

'எ கொயட் பிளேஸ்' (2018) படத்தில் சத்தம் போட்டால் மரணம். காது கேளாத மகளின் பார்வையில் காட்சி வரும்போது சத்தம் ஏறக்குறைய நின்றுவிடும். அவளுக்குப் பின்னால் வரும் ஆபத்து நமக்குத் தெரியும், அவளுக்குக் கேட்காது. பதறாமல் எப்படி இருப்பது?

திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு துள்ளுவது அனிச்சைச் செயல். 'என்ன அது?' என்று மூளை யோசிப்பதற்குள் தோள் குலுங்கிவிடும். அதற்கு முன்னால் அமைதி இருந்தால், காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்போம். அடி இன்னும் பலமாக விழும். இரவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மொபைலில் பார்ப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்!

ஆகவே, வீட்டில் குட்டீஸ் பயந்தால் 'கண்ணை மூடிக்கோ' என்று சொல்லாதீர்கள். கண்ணை மூடினால் கற்பனை இன்னும் பெரிய பேயை வரையும். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறையுங்கள். பேய் திரையிலேயேதான் நிற்கும். ஆனால், அதன் பாதி பலம் போயிருக்கும்!