தேன் துணையாகட்டும், மருந்தாக வேண்டாம்



என் தந்தையார் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர். சில ஆண்டுகளுக்கு முன்பு அவருக்கு வாரக்கணக்கில் இருமல் நிற்கவில்லை, மாலைதோறும் காய்ச்சல் கண்டது, உடலும் மெலிந்தது. சளியைச் சோதித்ததில் காசநோய் என உறுதியாயிற்று. ஆறு மாதச் சிகிச்சை தொடங்கியது. முதல் இரண்டு மாதங்களுக்கு நான்கு வகை மருந்துகள். அடுத்த நான்கு மாதங்களுக்கு இரண்டு வகை. நாள்தோறும் கிளினிக்கிற்குச் சென்று, தாதியின் கண்முன்னே அவற்றை விழுங்க வேண்டும்.

அம்மா தம் பங்குக்கு ஆடாதோடைக் கசாயமும், தேனில் குழைத்த திப்பிலிப் பொடியும் கொடுத்து வந்தார். இருமல் தணிந்தது, எடையும் கூடியது. இரண்டாம் மாத இறுதியில் அப்பா கிளினிக்கிற்குச் செல்வதையே நிறுத்திவிட்டார். "தேனும் ஆடாதோடையும் குணமாக்கிவிட்டன. இனி மாத்திரை எதற்கப்பா?" என்றார். நான் மறுக்கவில்லை. நம் முன்னோர் மருத்துவத்தின் பெருமையை வகுப்பறையில் பேசுகின்ற நான் உள்ளூர மகிழ்ந்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். தாதி தொலைபேசியில் அழைத்துக் கண்டித்த பிறகே விழித்துக்கொண்டேன்.

இருமல் தணிவது வேறு; கிருமி அழிவது வேறு. காசநோய்க் கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. சில கிருமிகள் உறங்கியும் கிடக்கும். அவற்றையும் ஒழிக்கத்தான் இத்தனை மாதங்கள் தேவைப்படுகின்றன. பாதியில் நிறுத்தினால், எஞ்சியவை மருந்துக்கே பணியாத கிருமிகளாக மாறக்கூடும். அதனால் துன்புறுபவர் நோயாளி மட்டுமல்லர். அவர் மடியில் அமர்ந்து கதை கேட்கும் பேரப்பிள்ளைகளுந்தாம்.

அப்படியானால் தேன் பயனற்றதா? இல்லை. அது தொண்டைக்கு இதமளிக்கும், இருமலைத் தணிக்கும். சித்த மருத்துவத்தில் தேன் ஓர் அனுபானம். அதாவது, மருந்தை உட்கொள்ளத் துணை நிற்கும் பொருள். நம் மரபே தேனுக்குத் துணையின் இடத்தைத்தான் பெரிதும் தந்திருக்கிறது. துணையை அரியணையில் ஏற்றியது நம் அறியாமை.

இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம். காசநோயாளிகளைச் சானடோரியத்தில் தங்கவைத்த காலம் ஒன்றிருந்தது. 1956இல் சென்னையில் அமைந்த காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடியே முறையாக மருந்துண்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு நிகராகக் குணமடைந்தனர் என 1959இல் உலகிற்குக் காட்டியது. நோயாளியைக் காக்கும் ஆற்றல் நம் வீடுகளுக்கு உண்டு. மாத்திரை தவறாத வீடாக அது இருந்தால் போதும்.

பெற்றோர்களே, எந்த மூலிகையைக் கொடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். காசநோய் மருந்துகள் சில கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை; மூலிகைகள் சிலவும் அப்படியே. இனிப்புநீர் உள்ளவர்களுக்குக் கெலுலுட் தேனாயினும் அளவு வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனைத் தொட்டு வைப்பதும் ஆபத்து.

ஆசிரியர்களே, இரண்டு வாரங்களுக்கு மேல் இருமும் மாணவனைக் கண்டால், அவன் பெற்றோரிடம் கனிவோடு பேசுங்கள். காசநோய் பழிச்சொல் அன்று, குணமாகும் நோய்.

அப்பா கிளினிக்கிற்குத் திரும்பினார். மருத்துவர் சொன்னபடி மருந்தை முடித்தார்; குணமடைந்தார். இன்றும் காலையில் ஒரு கரண்டித் தேன் சுவைக்கிறார். நான் தடுப்பதில்லை.